கடைசி பஸ்ஸும் முப்பத்திரண்டு பலகைகளும்: தலவாக்கலைப் பக்கம் நடந்த இரண்டு சைமல்களின் நிகழ்வு ஆய்வு

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் 2.15க்கு, பதின்மூன்று பிள்ளைகளின் சதுரங்க ஆட்டத்தை நான் பாதியில் நிறுத்தினேன். அன்று நடந்தது சைமல்: பலமான வீரர் ஒருவர் ஒரே நேரத்தில் பல பலகைகளில் பல பேரோடு ஆடுவது. மேல்பிரிவுத் தோட்டங்களுக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேரக் கடைசி பஸ் 2.30க்கு. அதை விட்டால் அடுத்தது மாலை 5.30க்குத்தான். அதில் போனால் இறங்கும் இடத்திலிருந்து லயத்துக்கு இருட்டில் நடக்க வேண்டும். சிறுத்தை நடமாடும் தேயிலைக்குள் போகிற பாதை. நிறுத்தியதில் தவறில்லை. ஆனால் ஆட்டங்கள் அந்த நிலைக்கு வந்ததற்குக் காரணம் மழையோ பஸ்ஸோ இல்லை, ஏற்பாடு செய்த நான்தான். எங்கே பிழைத்தது, அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை அயல் பாடசாலைகளில் கழகம் நடத்தும் ஆசிரியர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

எங்களுடையது இலங்கை மலையகத்தில், தலவாக்கலை நகரத்துக்கு மேலே உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலை. நான் கணிதம் படிப்பிக்கிறேன். புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் சதுரங்கக் கழகம் நடக்கும். சுற்றிலும் உள்ள நான்கு பாடசாலைகளிலும் இப்படிச் சின்னச் சின்னக் கழகங்கள் உண்டு. எல்லாருக்கும் ஒரே குறை: பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். அதே ஐந்தாறு பேர். யார் எந்தக் காயை எப்போது வெளியே எடுப்பார் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். தம்மைவிட மிகவும் பலமான ஒருவர் எதிரில் நின்றால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. போட்டிகளுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் கண்டிக்கோ கொழும்புக்கோ பத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஓர் இரவு தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவருவது, கொழுந்து பறிக்கிற அம்மாமாரின் சம்பளத்தில் நடக்கிற காரியமில்லை.

சைமல் இதற்கு நல்ல வழி. பயணம் செய்வது ஒருவர்தான். முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் ஆட்டம் கிடைக்கிறது. மேசைகளை 'ப' எழுத்து மாதிரி போட்டு, பிள்ளைகள் வெளிப்பக்கம் உட்கார, வந்த வீரர் உள்ளே நடந்துகொண்டே ஒவ்வொரு பலகையிலும் ஒரு நகர்த்தல் செய்து அடுத்ததற்குப் போவார். வழக்கமாக எல்லாப் பலகையிலும் அவருக்கு வெள்ளைக் காய். அவர் திரும்பி நம் பலகைக்கு வந்து நிற்கும்போதுதான் நாம் நகர்த்த வேண்டும். முன்கூட்டியே நகர்த்தி வைக்கக் கூடாது. யோசிக்க இன்னும் நேரம் வேண்டுமென்றால் 'பாஸ்' சொல்லலாம், பெரும்பாலும் மூன்று முறை. அவர் அடுத்த பலகையில் காயை நகர்த்தும் வரைக்கும் நம் பலகையில் தான் செய்ததை அவர் மாற்றலாம் என்று சில இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. இடத்துக்கு இடம் இவை மாறும். ஆகவே அன்றைக்குத் தொடங்கும்முன் நடத்துகிறவர் சொல்வதுதான் விதி.

அப்படியானால் அந்தச் சொல் எல்லார் காதிலும் விழ வேண்டும். எங்கள் முதல் இடறல் அங்கேதான்.

ஜூன்

ஐந்து பாடசாலைகள், 32 பலகைகள். கண்டியில் இருக்கும் பலமான வீரர் ஒருவர் பணம் வாங்காமல் வர ஒத்துக்கொண்டார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அதிபர் மூலம் கடிதம், பெற்றோரின் ஒப்புதல், பிள்ளைகளோடு வர ஒரு பெண் ஆசிரியர், இதெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. தொடக்கம் காலை 9.30 என்று கடிதத்தில் போட்டிருந்தோம்.

வீரர் அன்று அதிகாலைதான் கண்டியிலிருந்து பஸ் ஏறினார். கினிகத்தேனை ஏற்றத்தில் மழையும் பனிமூட்டமும். ஹட்டனில் வேறு பஸ் மாறி எங்களிடம் வந்து சேரும்போது 10.35. வந்தவரைக் குளிரோடு அப்படியே ஆடச் சொல்ல முடியுமா? தேத்தண்ணி கொடுத்தோம். அப்புறம் மாலை, விளக்கேற்றல், வரவேற்பு நடனம், ஐந்து பேச்சு. நடனத்துக்குப் பிள்ளைகள் இரண்டு வாரம் பழகியிருந்தார்கள். அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேச்சுகளை வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், சொல்லத் துணிவில்லை. முதல் காய் நகர்ந்தபோது மணி 11.50.

விதிகளை நான் வாசிக்கும்போது மழை வலுத்தது. எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. ஜூன் மாத மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நான் கத்தி வாசித்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பது நான்காவது சுற்றில் தெரிந்தது. பாதிப் பேர் முன்கூட்டியே நகர்த்தி வைத்திருந்தார்கள். சிலர் காய்களைத் தூக்கி அங்குமிங்கும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது இடம் மறந்துபோனார்கள். வந்தவர் மூன்று பலகைகளில் நின்று, பழைய நிலையை ஞாபகத்திலிருந்து அடுக்கிக் கொடுத்தார். அவருக்கு அது முடிந்தது பெரிய விஷயம். ஆனால் அதற்குப் போன நிமிடங்கள் மற்றப் பிள்ளைகளுடையவை.

சொல்லிலும் குழப்பம். 'பாஸ்', 'செக்', 'டிரா' மூன்றும் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் ஒன்றாகவே தெரிந்தன. காய்களின் பெயர்கள்தான் பாடசாலைக்குப் பாடசாலை வேறு. ஓரிடத்தில் மந்திரி என்றால் ராணி. இன்னோரிடத்தில் மந்திரி என்றால் குறுக்கே போகிற காய். மூலைக் காயை யானை என்கிற பிள்ளையும் கோட்டை என்கிற பிள்ளையும் தேர் என்கிற பிள்ளையும் ஒரே வரிசையில். 'மந்திரியைத் தொட்டுவிட்டான் சேர்' என்று ஒரு முறைப்பாடு வந்தபோது எந்தக் காய் என்று கண்டுபிடிக்கவே நேரம் போயிற்று.

ஒரு பாடசாலையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் பக்கத்தில் பக்கத்தில். அவர்களுடைய ஆசிரியர் ஒரே தொடக்க ஆட்டத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆறு பலகையிலும் எட்டு நகர்த்தல் வரை ஒரே நிலை. சைமலில் வீரர் வரிசையாக வருவதால் முதல் பலகையில் நடப்பதை ஆறாவது பிள்ளை பார்க்க நேரம் இருக்கிறது. முதலாவது பிள்ளை விட்ட பிழையைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் திருந்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; கண் இருப்பது பார்க்கத்தான். ஆனால் ஆறாவதாக உட்கார்ந்திருந்த பையன் அன்று தன்னுடைய ஆட்டம் ஒன்றை ஆடவேயில்லை.

இன்னொன்று. 'நல்ல மாணவர்களை அனுப்புங்கள்' என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். சில பாடசாலைகள் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவர்களை அனுப்பியிருந்தன. அவர்களில் இரண்டு பேர் அந்த வாரம்தான் காய் நகர்த்தப் பழகியவர்கள். ஏழாவது நகர்த்தலில் மேட், ராஜா அகப்பட்டு ஆட்டம் முடிந்தது. பிறகு இரண்டு மணித்தியாலம் அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. வாசலில் நின்று மழை பார்த்தார்கள். அவர்களைப் பற்றி நான் அன்று யோசிக்கவே இல்லை என்பது இப்போது நினைத்தாலும் வருத்தம்.

மேசைகளும் போதவில்லை. ஒரு பக்கத்துக்கு ஆரம்பப் பிரிவு மேசைகளைப் போட்டோம். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது பரவாயில்லை. நின்றுகொண்டே ஆடும் மனிதர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இடுப்பு வரை குனிய வேண்டியிருந்தது. ஒரு மணிக்குப் பிறகு அவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்தார்.

இதற்கு நடுவே 12.30க்குச் சோற்றுப் பார்சல் வந்தது. இடைவேளை என்று ஒன்றை நாங்கள் வைக்கவே இல்லை. பசித்தவர்கள் மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்; பருப்புக் கையோடு காய் நகர்ந்தது.

2.15க்கு 19 ஆட்டங்கள் முடிந்திருந்தன. பத்தொன்பதிலும் அவர் வெற்றி. மீதி 13 ஆட்டங்களையும் 'டிரா', அதாவது சமநிலை, என்று அறிவித்தேன். அது கருணை என்று அப்போது நினைத்தேன். அந்தப் பதின்மூன்று பேரில் தரம் 8 படிக்கும் ஒரு பிள்ளை ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நகர்த்தல்களை எழுதிய தாளை நான்காக மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கணக்கு

வீட்டுக்குப் போய் அன்றிரவே போட வேண்டிய கணக்கை நான் ஒரு மாதம் கழித்துத்தான் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டியது அது.

சைமலின் நேரத்தைக் கணக்கிட, பலகைகளின் எண்ணிக்கையை ஓர் ஆட்டத்துக்கு வீரர் செலவிடும் நிமிடத்தால் பெருக்கினால் போதும். 1922இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், அப்போதைய உலகச் சதுரங்கச் சம்பியன் கபாபிளாங்கா 103 பேருடன் ஆடினார். 102 வெற்றி, ஒரு டிரா, ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். 2011இல் தெஹ்ரானில் ஈரானிய கிராண்ட்மாஸ்டர் எஹ்சான் காயெம் மகாமி 604 பலகைகளில் ஆடினார். 25 மணித்தியாலத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு இரண்டரை நிமிடம். உலகத்தின் உச்சத்தில் உள்ளவர்களின் வேகம் இது.

நம்மிடம் வருகிறவர் அந்த வேகத்தில் போக மாட்டார், போகவும் வேண்டாம். ஒரு பலகையில் நின்று பார்த்து நகர்த்தி அடுத்ததற்குப் போக, பிள்ளையின் தயக்கத்தையும் சேர்த்து, 12 வினாடி என்று வையுங்கள். ஓர் ஆட்டம் 40 நகர்த்தல் போனால் 480 வினாடி. அதாவது எட்டு நிமிடம். 32 பலகைக்கு 256 நிமிடம், நான்கே கால் மணித்தியாலம். எங்களுக்குக் கிடைத்தது 11.50 முதல் 2.15 வரை, 145 நிமிடம். 9.30க்கே தொடங்கியிருந்தாலும் 285 நிமிடம்தான். சாப்பாட்டை எடுத்துவிட்டால் அதுவும் மட்டுமட்டு. மழை பெய்யாவிட்டாலும், பேச்சு இல்லாவிட்டாலும், 32 பலகை என்று எழுதிய அன்றைக்கே அந்த நிகழ்ச்சி இறுகிப் போய்விட்டது. எத்தனை பாடசாலை கேட்டது என்பதை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்தேன். கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணி வந்திருக்க வேண்டும்.

பலகையைக் குறைப்பதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அதுதான் எனக்கு இந்த இரண்டு நிகழ்ச்சியிலும் கிடைத்த முக்கியமான பாடம் என்று நினைக்கிறேன். எட்டு நிமிட ஆட்டத்தில் வீரர் பிள்ளைக்கு எதிரில் நிற்பது அந்த எட்டு நிமிடம் மட்டும்தான். மீதி இரண்டு மணித்தியாலமும் பிள்ளை தனியாகப் பலகையோடு இருக்கிறது. 32 பலகையில் ஒரு சுற்று வர ஆறு நிமிடத்துக்கு மேல். ஒரு நகர்த்தலுக்கு ஆறு நிமிடம் யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது வரம். தெரியாத பிள்ளை இரண்டாவது நிமிடத்தில் காயைத் தொடும், மூன்றாவதில் பக்கத்துப் பலகையைப் பார்க்கும், நான்காவதில் பேசும். அவர் நகர்த்தும் நேரத்துக்கு மேசை, கதிரை, மாலை எல்லாம் யோசித்த நாங்கள், பிள்ளை காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றுமே யோசிக்கவில்லை. சைமல் உண்மையில் நடப்பது அந்தக் காத்திருப்பில்.

ஆட்டம் முடியும் பக்கம் இது தலைகீழாகும். பலகைகள் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய வீரர் வேகமாகத் திரும்பி வருவார். மூன்று பலகை மிஞ்சினால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை வந்து நிற்பார். ஆகவே நன்றாக ஆடிக் கடைசி வரை தாக்குப் பிடித்த பிள்ளைக்குத்தான், யோசிக்க வேண்டிய கடினமான கட்டத்தில், ஆகக் குறைந்த நேரம் கிடைக்கிறது. ஜூனில் நாங்கள் அந்தக் கட்டத்தைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் அங்கேயும் பிழைத்திருப்போம்.

பெப்ரவரி

இரண்டாவது முறை மழை குறைந்த மாதத்தைப் பார்த்து வைத்தோம். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமையைத் தவிர்த்தோம். அன்றைக்குக் குடும்பமே டவுனுக்குப் போகும், பஸ்ஸில் இடம் இருக்காது. ஞாயிறு அறநெறி வகுப்பு. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம் என்பதால் வார இறுதியில் ஹட்டனைத் தாண்டி வருவது சுலபமில்லை. எனவே ஆடுகிறவரை வெள்ளிக்கிழமை பின்னேரமே வரவழைத்து எங்கள் டீச்சர் ஒருவரின் வீட்டில் தங்கவைத்தோம்.

இந்த முறை வந்தவர் தோட்டப்புறத்திலேயே பிறந்து வளர்ந்த, பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண். சர்வதேசத் தரப்புள்ளி வைத்திருப்பவர், ஆனால் முதல் முறை வந்தவரளவு பலம் இல்லை. அது குறையில்லை. 2024 மார்ச் முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தரப்புள்ளிப் பட்டியல் 1400க்குக் கீழே இறங்குவதில்லை. அந்தப் பட்டியலில் இருக்கிற ஒருவர், ஓரளவு பழக்கப்பட்ட பிள்ளைகள் இருபது பேரை நிச்சயம் சமாளிப்பார். கிராண்ட்மாஸ்டர் வந்தால்தான் சைமல் என்று காத்திருக்கும் கழகங்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். வேறொரு நன்மையையும் கண்டேன். முதல் விருந்தினரைப் பிள்ளைகள் 'சேர்' என்றார்கள், ஒன்றும் கேட்கவில்லை. இவரை முதல் சுற்றிலேயே 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். 'ஏன் அக்கா அங்க வச்சீங்க?' என்று ஒரு பையன் ஆட்டத்துக்கு நடுவிலேயே கேட்டான். முடிந்ததும் சொல்கிறேன் என்றார், சொன்னார்.

பலகைகள் 18. எட்டால் பெருக்கினால் 144 நிமிடம். ஒரு பாடசாலைக்கு மூன்று அல்லது நான்கு பேர். 'புள்ளி பார்க்காதீர்கள், இடைவேளையில் யார் பலகையை விரிக்கிறார்களோ அவர்களை அனுப்புங்கள்' என்று கடிதத்தில் எழுதினேன். இடம் கிடைக்காத பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது கஷ்டம்தான். அவர்களையும் வரச் சொன்னோம். பக்கத்து வகுப்பறையில் பன்னிரண்டு பலகைகள் போட்டு, வேறு பாடசாலைப் பிள்ளையோடுதான் ஆட வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்து விட்டுவிட்டோம். சைமலில் சீக்கிரம் தோற்றவர்களும் நேரே அங்கே போனார்கள். பகல் முழுக்க அந்த அறையில்தான் சத்தமும் சிரிப்பும்.

விதிகளை அரைத் தாளில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துப் பலகைக்கு ஒன்றாக வைத்தோம். காய்களின் பெயரை எழுதாமல் படம் வரைந்தோம். ஒரே பாடசாலைப் பிள்ளைகள் இருவர் பக்கத்தில் வராதபடி மாற்றி உட்கார வைத்தோம். உயரமான மேசைகளை மேல் வகுப்புகளிலிருந்து முதல் நாளே இறக்கியாயிற்று. பயணத்துக்குக் கொண்டுபோகிற காந்தப் பலகைகளை ஒதுக்கினோம். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அவை பிடிபடுவதில்லை. தொடங்குமுன் இரண்டு உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒவ்வொரு பலகையாகப் பார்த்து வந்தார்கள்: வலது கை மூலையில் வெள்ளைக் கட்டமா, ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்கிறாளா. ஒரு பலகையில் ராஜாவும் ராணியும் இடம் மாறி நின்றன. தொடங்கிய பிறகு கண்டிருந்தால் அந்த ஆட்டத்தையே கலைக்க வேண்டி வந்திருக்கும்.

பேச்சை ஒரு நிமிடமாக்கினோம், அதுவும் அதிபர் மட்டும். நடனத்தைக் கைவிடவில்லை, பரிசளிப்புக்கு முன்னால் வைத்தோம். பார்க்க எல்லாருக்கும் மனம் இருந்தது. நான் எனக்கு இரண்டு நிமிடம் எடுத்து ஒரு கதை சொன்னேன். 2010இல் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தபோது விஸ்வநாதன் ஆனந்த் நாற்பது பேருடன் சைமல் ஆடினார். 39 வெற்றி. ஒரே ஒருவர் டிரா எடுத்தார். கணிதப் பேராசிரியர்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் டிரா எடுத்தவர் பதினான்கு வயது மாணவர். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காத்திருக்கும் நேரத்துக்கு இப்படிச் செய்தோம். ஒவ்வொருவருக்கும் கோடு போட்ட தாள், மூன்று பத்தி. நான் வைத்தது, அக்கா வைத்தது, அக்கா என்ன வைப்பார் என்று நான் நினைத்தது. மூன்றாவது பத்தியை அவர் வருமுன் எழுதிவிட வேண்டும். சரியாக வந்தால் ஒரு புள்ளி. ஆட்டத்தின் வெற்றி தோல்வியோடு அதற்குச் சம்பந்தமில்லை. பென்சில் கையில் இருந்தால் கை காய்க்குப் போகாது என்பதுதான் என் முதல் எண்ணம். நடந்தது அதைவிடப் பெரிது. பத்தாவது சுற்றுக்குள் மண்டபம் அடங்கிவிட்டது. பிள்ளைகள் எதிராளியின் பக்கத்திலிருந்து பலகையைப் பார்க்கத் தொடங்கினார்கள். புதன்கிழமை வகுப்பில் 'எதிரி என்ன செய்வான் என்று யோசி' என்று மூன்று வருடமாகத் தொண்டை காயச் சொல்லியும் நடக்காத விஷயம். தோற்ற ஒரு பையன் 31 நகர்த்தலில் 14ஐச் சரியாகச் சொல்லியிருந்தான். பரிசில் ஒன்று அவனுக்குப் போனது.

பெற்றோரை மண்டபத்துக்குள் விட்டோம், ஆனால் சுவரோரம் போட்ட வாங்குகளில் மட்டும். ஓர் அப்பா மகனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றபோது ஓர் உயர்தர மாணவி போய் 'இங்க இருந்து பாருங்க மாமா, நல்லாத் தெரியும்' என்று கூட்டி வந்து உட்கார வைத்தாள். நான் போயிருந்தால் அது கண்டிப்பாகத் தெரிந்திருக்கும்.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் வந்த ஒரு பையனின் காலில் அட்டை ஏறியிருந்தது. காலுறை முழுக்க இரத்தம். கவனிக்காமல் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பிள்ளை சொல்லித்தான் குனிந்து பார்த்தான். உப்பு கொண்டுவருவதற்குள் அக்கா அவன் பலகைக்கு வந்துவிட்டார்; 'பாஸ்' என்றான். அந்த நாளின் முதல் பாஸ்.

9.10க்குத் தொடங்கினோம். நான்கு பலகை மிஞ்சியபோது முன்பே அச்சடித்த விதிப்படி நடையை மாற்றினோம்: அவர் நடுவில் நிற்பார், நகர்த்தத் தயாரான பிள்ளை கை உயர்த்தும், அப்போதுதான் வருவார், ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி நான்கு ஆட்டங்களும் அமைதியாக முடிந்தன. இரண்டில் அவர் தோற்றார், ஒன்று டிரா. நிறைவில் 14 வெற்றி, இரண்டு டிரா, இரண்டு தோல்வி. கடைசி ஆட்டம் முடிந்தது 11.35க்கு. 145 நிமிடம், ஜூனில் எங்களுக்குக் கிடைத்த அதே நேரம்.

பிறகு கரும்பலகையில் 64 கட்டம் வரைந்து, இரண்டு ஆட்டங்களைத் திரும்பப் போட்டுக் காட்டினார். எதைக் காட்டலாம் என்று கேட்டபோது வென்ற பையனின் ஆட்டத்தைத்தான் எல்லாரும் கத்திக் கேட்டார்கள். இன்னொன்றாக அவர் தேர்ந்தது, இருபது நகர்த்தலில் தோற்ற ஓர் ஆட்டம். எந்த இடத்தில் கை தவறியது என்று அதைத் தோற்ற பிள்ளையையே சொல்லவைத்தார். வகுப்பறையில் நாம் சரியான விடையை மட்டும் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறோம். அன்று அதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

செலவைப் பற்றி: இரண்டு முறையும் நகரத்துக் கடைக்காரர்கள் சிலர் உதவினார்கள். இரண்டாம் முறை அந்தப் பணத்தில் நினைவுச் சின்னமோ பதாகையோ வாங்கவில்லை. மேல்பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு வேன் பிடித்தோம், பிற்பகல் இரண்டு மணிக்கு.

அந்தப் பிள்ளை

ஜூனில் தாளை மடித்துக்கொண்டு ஓடிய பிள்ளை பெப்ரவரியிலும் வந்திருந்தாள். நான் மேலே சொன்ன, இருபது நகர்த்தலில் தோற்ற ஆட்டம் அவளுடையதுதான். கரும்பலகைக்கு வந்து, தெளிவாக, 'இந்த இடத்துல ராணிய எடுத்திருக்கக் கூடாது' என்று காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

சாப்பாடு முடிந்து பலகைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காவிடம் போனாள். உள்ளேயிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது, ஆனால் அவளுக்கு அது பார்க்காமலே தெரிந்தது. ஒரு பலகையை விரித்து, ஜூன் மாதத்தின் அந்த 2.15 மணி நிலையைக் காய் காயாக அடுக்கினாள். கறுப்புக்கு ஒரு குதிரை கூடுதல். வெள்ளைக்கு இரண்டு சிப்பாய் கூடுதல், அதில் ஒன்று ஓரத்தில் ஏறி வந்திருந்தது.

அக்கா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். 'குதிரை அந்தச் சிப்பாய்க்கு முன்னால வந்து சேர்ந்திட்டா உனக்குத்தான். வராட்டி அது ராணியாகும்' என்றார். அவள் தலையசைத்தாள். அதை எட்டு மாதமாக அவள் யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தது. 'ஆடிப் பாக்கலாமா அக்கா?' என்றாள். அவர் ஒரு கதிரையை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். அன்று முழுக்க நின்றவர் முதல் தடவையாக உட்கார்ந்தார். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், ஒருவரும் பேசவில்லை.

வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்தார். மேல்பிரிவுப் பிள்ளைகள் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். இரண்டாவது முறையும் அடித்தார். நான் வெளியே போய், 'அண்ணே, ஒரு பத்து நிமிஷம்' என்று கேட்டேன்.